தண்ணிக்குத் தள்ளி ஒரு இடம்

மூணாவது ஏரியும் வேண்டாம்னுட்டேன். நல்ல இடம்தான், பொய் சொல்லக்கூடாது. ஓக் மரத்து நிழல், புல் வெட்டின சமதரை, பத்தடி நடந்தா தண்ணி. அந்தப் பத்தடிதான் எனக்கு ஆகல. அதை வாய் விட்டுச் சொல்ல முடியுமா? "காத்து பேயா அடிக்குதுங்க, டென்ட் நிக்காது"ன்னேன். ஒரு இலை அசையல. இவர் இலையையும் பார்க்கல, என்னையும் பார்க்கல, "சரி"ன்னு வண்டியில ஏறி பெல்ட்டை மாட்டிக்கிட்டார். அஞ்சு மாசமா எல்லாத்துக்கும் சரிதான். சாம்பார் வைக்கவா, சரி. ரசம் வைக்கவா, சரி. பொண்ணு நறுமுகை அவ தோழி வீட்டுல ரெண்டு நாள் இருக்கட்டும், நாம மட்டும் டென்ட் அடிச்சுத் தங்கிட்டு வரலாமா, சரி. ஒரு தடவையாவது "சும்மா கிட"ன்னு எரிஞ்சு விழுந்தா கூட நான் தேங்காய் உடைப்பேன். கல்யாணமாகி பதினாறு வருஷமா அந்த வாய்க்கு நான் பயந்த பயம் என்ன, ஆவுடையப்பன் வாயைத் திறந்தா அடுத்த தெருவுக்குக் கேட்கும்னு இவர் அண்ணனே சொல்லுவார். இப்ப என் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கிறது யார்னே தெரியல. கை ரெண்டும் மடியில கிடக்கு. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், சோளம் விட்டா சோயா, சோயா விட்டா மறுபடி சோளம், தூரத்துல ஊர்ப் பேர் எழுதின ஒரு தண்ணி டேங்க். மணி நாலு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அயோவாவுல டென்ட் போட இடம் தேடுறவளை மாதிரி ஒரு முட்டாள் உண்டா, எல்லாரும் வெள்ளிக்கிழமையே வந்து பிடிச்சிருப்பாங்க. வெள்ளிக்கிழமை நான் கிளம்பல. வெள்ளிக்கிழமை எனக்கு தைரியம் வரல.

இவருக்குப் பிடிச்சதைச் செய்யுங்கன்னு மனசு சரியில்லாதவங்களுக்கு யோசனை சொல்ற அந்த கவுன்சிலர் பொண்ணு சொல்லிச்சு, முன்னாடி எது பிடிக்கும்னு கேட்டுச்சு, நானும் யோசிக்காம ஏரின்னுட்டேன். வாயில வேற எதுவுமே வரலையா எனக்கு? படிக்க வந்த காலத்துல இவரும் இவர் ரூம்மேட்டுகளும் ஒரு ஓட்டைக் காரை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கத்து ஏரியெல்லாம் சுத்தினவங்க. கல்யாணமாகி வந்த புதுசுல என்னையும் கூப்பிட்டார், எத்தனை தடவை கூப்பிட்டார், "வீடு வாசலை விட்டுட்டு கொசுக்கு ரத்த தானம் பண்ணணுமாக்கும்"னு நான்தான் மூஞ்சியைச் சுளிச்சேன். அப்ப போயிருக்கணும். அப்ப எந்த ஏரியா இருந்தா என்ன, தண்ணி வெறும் தண்ணியா இருந்துச்சு. இப்ப போன வாரம் முழுக்க லேப்டாப்ல உட்கார்ந்து தேடினேன், ஏரிக்கரையில டென்ட் போட நல்ல இடம் எதுன்னு. போனவங்க எழுதி வச்சிருக்காங்க, பன்னிரண்டாம் நம்பர்ல டென்ட் போட்டா படுத்தபடியே தண்ணி தெரியும், ஒன்பதாம் நம்பர்ல இருந்து நேரா இறங்கிக் குளிக்கலாம், தனியா ஒதுங்கினாப்ல இருக்கும், பக்கத்துல ஆள் நடமாட்டமே இருக்காது. படிச்சு சந்தோஷமாத்தான் குறிச்சு வச்சேன். நேத்து குளிக்கிறப்பத்தான் உறைச்சது. ஆள் நடமாட்டமே இல்லாத தண்ணிக்கரைக்கு இந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போறேன். நானே கூட்டிட்டுப் போறேன். மேலுக்கு ஊத்தின தண்ணி அப்படியே சில்லிட்டுப் போச்சு.

பிப்ரவரியில ஒரு நாள், இவர் பாத்திரம் கழுவுறார், நான் துடைச்சு அடுக்குறேன். "நான் இல்லாட்டி உங்க ரெண்டு பேருக்கும் லேசா இருக்கும், இல்ல?" அவ்வளவுதான் சொன்னார். ஏதோ சனிக்கிழமை மழை வரும்ல அப்படிங்கிற குரல்ல சொன்னார். நான் என்ன சொன்னேன்? அந்தத் தட்டை நல்லா தேய்ங்க, எண்ணெய்ப் பிசுக்கு போகல பாருங்கன்னு சொன்னேன். கடவுளே. அந்தத் தட்டை இப்பவும் எனக்குத் தெரியும், ஓரத்துல நீலக் கோடு போட்ட தட்டு, அதுல யாருக்கும் சோறு போடுறதில்ல நான். காது கேட்டுச்சு, மனசு கேட்கலன்னு நடிச்சுது. என்ன குறைச்சல் இவருக்குன்னு எத்தனை ராகத்துல யோசிச்சாச்சு. வேலை இருக்கு. வீடு இருக்கு. யாரும் போய்ச் சேரல. பொண்ணு படிக்கிறா, வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அது எல்லா வீட்டுலயும்தான். ஒரு காரணம் இருந்தா அதோட மல்லுக்கட்டலாம். அம்மாவுக்கு போன்ல பட்டும் படாம சொன்னேன், சரியா சாப்பிட மாட்டேங்கிறார், பேச மாட்டேங்கிறார்னு. "கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகா சுத்திப் போடு"ன்னா. சுத்திப் போட்டேன். அடுப்புல போட்டா புகை அலாரம் கத்தினதுதான் மிச்சம், அதுக்கும் இவர் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல.

நேரா கேளுங்கன்னு வேற சொல்லிச்சு அந்த கவுன்சிலர் பொண்ணு. சாகணும்னு தோணுதான்னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க, கேட்கிறதால யாருக்கும் அந்த எண்ணம் வந்துடாது, கேட்கிறதுதான் நல்லதுன்னுச்சு. அந்த ரூம்ல இங்கிலீஷ்ல கேட்க அது சுளுவாத்தான் இருந்துச்சு, யாரோ யாரையோ கேட்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து தமிழ்ல வாயைத் திறந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. விளக்கை அணைன்னு கூட சொல்லாம மலையேத்துன்னு சொல்லி வளர்ந்தவ நான். அரிசி தீர்ந்து போச்சுன்னு சொன்னா எங்க வீட்டுல வாயிலயே அடி விழும், நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். வெளிய கிளம்புறவன் போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன்னு சொல்லணும். அப்படிப்பட்ட வாயால அந்த வார்த்தையை, இவர் முகத்துக்கு நேரா, எப்படி? சொல்லிட்டா அது நடுவீட்டுல வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துக்காதா? அதனால நான் கேட்கல. கேட்காம, வேவு பார்த்தேன். குளியலறைக்குப் போனா எத்தனை நிமிஷம். ராத்திரி புரண்டு படுத்தா எத்தனை தடவை. கார் சாவி என் பையில. மாத்திரை டப்பா என் பீரோவுல, ஒரு நாளைக்கு ஒண்ணு நானே எடுத்துக் கொடுக்கிறேன். அஞ்சு மாசமா போலீஸ்காரி மாதிரி வாழ்றேன், பொண்டாட்டியா வாழ்ந்து எத்தனை நாளாச்சுன்னு தெரியல.

நாலாவது ஏரி வந்துடுச்சு. மரப் பலகையில பேரு, கீழ கேம்ப்கிரவுண்டுன்னு அம்புக்குறி. உள்ள நுழையிற இடத்துல ஒரு சின்னக் குடிசை, முன்னால ஒரு பெட்டி, இடத்துக்குப் பேர் எழுதிப் போடுற ஃபாரம் எல்லாம் செருகி வச்சிருக்கு. முதல்ல இடம் கிடைக்குதான்னு பார்ப்போம், அப்புறம் ஃபாரம் எழுதிக்கலாம்னு தாண்டி வந்துட்டேன். ஒத்தைத் தடம், ஒரே பக்கமாத்தான் போகணும், பெரிய வட்டமா வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கம்பம், கம்பத்துல நம்பர், ஒரு மர மேசை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம். எல்லாத்துலயும் ஆள். கயிறு கட்டித் துணி காயுது, நாய் படுத்திருக்கு, கறி சுடுற வாசம். ஒன்னு ரெண்டு மூணுன்னு தண்ணி பக்கத்துல இருக்கிறதெல்லாம் நிறைஞ்சிருக்கு, எனக்கு வயித்துல பால் வார்த்தாப்ல இருக்கு. இடம் தேடி வந்துட்டு இடம் இல்லன்னு சந்தோஷப்படுற ஒரே ஜென்மம் நானாத்தான் இருப்பேன். பதினேழு காலி. கழிப்பறைக் கட்டடத்துக்கு எதிர்த்தாப்ல. தலைக்கு மேல லைட் கம்பம். ஒரு பக்கம் பெரிய குடும்பம், இன்னொரு பக்கம் ரேடியோ வச்சுக்கிட்டு ரெண்டு வயசாளிகள். ஏரிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மேடு, மேட்டுல புதர். தண்ணி கண்ணுல படவே இல்ல. ஏரிக்கரையில இடம் பிடிக்க வர்ற எவனும் திரும்பிக் கூட பார்க்க மாட்டான், எனக்கு அதைப் பார்த்ததும் கும்பிடணும் போல வந்துச்சு. "இது நல்லா இருக்குங்க"ன்னேன். "கக்கூஸ் பக்கத்துல இருக்கே"ன்னார். அதிசயமா ஒரு வாக்கியம். "வசதிதானே"ன்னேன். "சரி"ன்னார்.

இறங்கினேன். இறங்குறப்பவே பின்னால ஒரு நீல வண்டி ஊர்ந்து வருது, உள்ள பிள்ளைங்க, மேல டென்ட் மூட்டை, அவங்களும் இடம் தேடுறாங்க, பார்த்தாலே தெரியுது. அவ்வளவுதான், எனக்குள்ள ஊர்க்காரி முழிச்சுக்கிட்டா. எங்க ஊர் ஜங்ஷன்ல பாபநாசம் பஸ் நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டுப் பிடிச்ச கை இது. பின் சீட்டுல இருந்து ஈரிழைத் துண்டை உருவி அந்த மேசை மேல விரிச்சேன். வெறும் துண்டை எவன் மதிப்பான் இங்க, ஆள் இருக்கணும், ஆள் உட்கார்ந்திருந்தா அசைக்க முடியாது. "நீங்க இங்கயே உட்காருங்க, எழுந்திரிக்காதீங்க, யார் வந்தாலும் ஆள் வருதுன்னு சொல்லுங்க, நான் போய் ஃபாரத்தை எழுதிப் போட்டுட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்." "சரி." துண்டு மேல உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பிட்டேன். நீல வண்டி ஏமாந்து தாண்டிப் போறதைக் கண்ணாடியில பார்த்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன். எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு காரியம் ஜெயிச்சிருக்கேன்.

வட்டத்தோட பாதி தாண்டினப்ப ஏரி தெரிஞ்சுது. மரங்களுக்கு நடுவுல முழுசா, வெயில் பட்டு, பெருசா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அடிப்பாவி. அஞ்சு மாசமா ஒரு மணி நேரம் தனியா விடாத மனுஷனை, மூணு ஏரி தள்ளி நாலாவது ஏரி தேடின காரணத்தையே மறந்து, தண்ணிக்கரையில ஒத்தையில உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். இடம் போயிடுமாம். புருஷனையே துண்டா போட்டுட்டு வந்திருக்கேன். மேடு இருக்கே, புதர் இருக்கேன்னு மனசு ஒரு பக்கம் சொல்லுது, மேட்டைத் தாண்ட எத்தனை நேரம் ஆகும்னு இன்னொரு பக்கம் கேட்குது. நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லுது, அவர் நீந்தணும்னு நினைச்சாத்தானேன்னு கேட்குது. திரும்பலாம்னா ஒத்தைத் தடம், பின்னால ஒரு வண்டி ஒட்டிக்கிட்டு வருது. போன் பண்ணலாம்னா அவர் போன் இதோ என் பக்கத்துல சார்ஜ்ல கிடக்கு, என் போன்ல ஒரு கோடு சிக்னல் இல்ல. சரி, வேகமா குடிசைக்குப் போய், வேகமா எழுதிப் போட்டு, வேகமா, வேகமா. குடிசையில எனக்கு முன்னால ஒரு அம்மா எழுதுறா, ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுற மாதிரி எழுதுறா. கயித்துல கட்டின பேனா என் முறை வந்ததும் எழுத மாட்டேங்குது. கால்ஃப் வண்டியில ஒரு தாத்தா வந்து நிக்கிறார், இந்த இடத்தைப் பார்த்துக்கிறவராம், வேற பேனா கொடுத்தார், புண்ணியவான், கொடுத்துட்டுச் சும்மா போகக்கூடாதா? எந்த ஊரு, எத்தனை தூரம், மீன் பிடிப்பீங்களா, போன வாரம் ஒருத்தன் இம்மாம் பெரிய மீன் பிடிச்சான். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், ஆமாங்கிறேன், அப்படியாங்கிறேன். என் புருஷன் அங்க தனியா இருக்கார், எனக்கு பயமா இருக்கு, என்னை அந்த வண்டியில ஏத்திக் கொண்டு போய் விடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லல. மரியாதை. வெக்கம். மானம். யார்கிட்டயும் சொல்லாமலே பழகின வாய், உயிர் போற நேரத்துலயும் மீன் கதை கேட்குது.

திரும்ப அந்த வட்டத்தை முதல்ல இருந்து சுத்தணும். அஞ்சாம் நம்பர்கிட்ட வீடு மாதிரி ஒரு பெரிய ஆர்.வி. வண்டி குறுக்க நிக்குது, பின்னால போகுது, முன்னால வருது, ஒருத்தன் கையை ஆட்டி வழி சொல்றான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மணியைப் பார்த்தா பத்து நிமிஷம்னு சொல்லி வந்தவளுக்கு நாற்பது நிமிஷம் ஆகியிருக்கு. வண்டியை நடு ரோட்டுல அப்படியே விட்டேன். கதவைச் சாத்தினேனா இல்லையான்னு தெரியல. ஓடினேன். நாற்பத்தி ரெண்டு வயசு உடம்பு, ஒரு செருப்பு எட்டாம் நம்பர்ல கழண்டுச்சு, விட்டுட்டேன். தெய்வமே, பேச்சியம்மா, உட்கார்ந்திருக்கட்டும், அந்த மேசையிலயே மரம் மாதிரி உட்கார்ந்திருக்கட்டும், இனிமே அவர் சரி சரின்னு சொன்னா எனக்குக் கோபமே வராது, ஆயிசு முழுக்க சரின்னே சொல்லட்டும். பன்னிரண்டு. பதிமூணு. நறுமுகைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? இதை ஏன் யோசிக்கிறே, நாயே, இதை ஏன் யோசிக்கிறே. பதினஞ்சு. பதினாறு. பதினேழுல அந்த நீல வண்டி நிக்குது. பச்சை டென்ட் பாதி எழும்பி நிக்குது. ஒரு பொம்பளை ஆணி அடிக்கிறா, ரெண்டு பிள்ளைங்க கயித்தைப் பிடிச்சிருக்கு. என் துண்டு நாலா மடிச்சு மேசை ஓரத்துல இருக்கு.

"இங்க உட்கார்ந்திருந்தவர் எங்க?" இங்கிலீஷ்ல கேட்டேனா தமிழ்ல கேட்டேனா தெரியல, அவளுக்குப் புரிஞ்சுது. "உங்க ஹஸ்பெண்டா? நாங்க ரெண்டாவது சுத்து வந்தோம், அவரே எழுந்து நீங்க எடுத்துக்கோங்கன்னு சொன்னார். ரொம்ப நல்லவர்." "எங்க போனார்?" அவ சுத்தியலோட கையை நீட்டினா, மேட்டுப் பக்கம். "தண்ணிப் பக்கம் இறங்கிப் போனார்."

புதரு என்னத்துக்கு ஆச்சு, மேடு என்னத்துக்கு ஆச்சு, நாலு எட்டுல நான் அந்தப் பக்கம் இருக்கேன். முள்ளு கிழிச்சது அப்புறம்தான் தெரிஞ்சுது. ஏரி. எவ்வளவு அமைதியா கிடக்கு பாரு சண்டாள ஏரி. ஒரு படகு தூரத்துல. வாத்து நாலு. கரையில யாரும் இல்ல. தண்ணி மேல எதுவும் இல்ல. எதுவும் இல்லங்கிறதுதான் எனக்கு பயம், எதுவும் இல்லாமதானே இருக்கும், மூடிக்கிட்டா தண்ணிக்கு வாயா இருக்கு சொல்றதுக்கு. எழுந்து இடத்தைக் கொடுத்தாராம். நீங்க எடுத்துக்கோங்கன்னாராம். இனிமே எனக்கு வேண்டாம்னுதானே அர்த்தம், வேற என்ன அர்த்தம், பிப்ரவரியிலயே சொன்னாரே, நான் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தேனே. முழங்கால் வரைக்கும் தண்ணியில நிக்கிறேன், எப்ப இறங்கினேன்? எனக்கு நீச்சல் தெரியாது. "என்னங்க"ன்னு கத்தினேன். இத்தனை வருஷமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, கூப்பிட்டேன், "ஆவுடையப்பா! ஆவுடையப்பா!"ன்னு ஊரே கேட்க அந்தத் தண்ணியைப் பார்த்து ஓலமிட்டேன். படகுல இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

"மங்கை!"

பின்னால இருந்து வந்துச்சு. அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். கரையோரத் தடத்துல, குடிசை இருக்கிற திசையில இருந்து ஓடி வர்றார், வேட்டைக்குப் போனவன் மாதிரி மூச்சு வாங்குது, சட்டை முழுக்க வேர்வை. "எங்கட்டி போய்த் தொலைஞ்ச? பத்து நிமிஷம்னுட்டுப் போனா எம்புட்டு நேரம்? வெளிய வா முதல்ல, உனக்கு நீச்சல் தெரியுமா, எதுக்கு தண்ணிக்குள்ள நிக்க? கூறு இருக்கா உனக்கு?" கையைப் பிடிச்சு இழுத்தார். இழுத்த இழுப்புல தோள்பட்டை வலிச்சுது. "கரை வழியா குறுக்கால குடிசைக்கு ஓடினேன், அந்தக் கிழவன் நீ அப்பவே போயிட்டன்னான். திரும்பி வர்றேன், நம்ம வண்டி நடு ரோட்டுல கதவைத் திறந்துபோட்டு நிக்குது, உன்னைக் காணோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"இடத்தை ஏன் கொடுத்தீங்க?" அத்தனையையும் விட்டுட்டு இதைத்தான் கேட்டேன்.

"பின்ன? துண்டைக் காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா? உன்னைக் காணோம். எழுந்திரிச்சா இடம் போயிடும்னு ரெண்டு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் போனா போகுதுன்னு அந்தப் பொம்பளகிட்ட எடுத்துக்கோன்னு சொல்லிட்டு உன்னைத் தேட வந்தேன். பயந்துட்டேன், மங்கை." முகம் கோணிக்கிட்டுப் போச்சு. "நிஜமா பயந்துட்டேன்."

ரெண்டு பேரும் கரையில மண்ணுலயே உட்கார்ந்தோம். நல்ல இடம், எதிர்ல முழுசா தண்ணி. என் பாவாடை நனைஞ்சு கால்ல ஒட்டுது. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடிக்கிறான், என் வண்டிக்காகத்தான் இருக்கும், அடிக்கட்டும். இவர் கை இன்னும் என் மணிக்கட்டை விடல. சூடா இருந்துச்சு கை. அப்பத்தான் கேட்டேன். நாக்கு எப்படிப் புரண்டுச்சுன்னு தெரியல, அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டேன்.

"உங்களுக்கு சாகணும்னு தோணுதா?"

அடிக்கல. திட்டல. அந்த வார்த்தை வந்து நடுவுல உட்காரவும் இல்ல. "தோணுது"ன்னார். "தினமும் தோணுது. காலையில எழுந்ததும் முதல்ல அதுதான் தோணும். இன்னிக்கும் தோணுச்சு." அழ ஆரம்பிச்சார். "நீயே கேட்டுட்ட. நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியாம இருந்தேன்."

"இப்ப?"ன்னேன். "இந்த ஏரியில? நான் விட்டுட்டுப் போனேனே, அப்ப?"

யோசிச்சார். நிஜமாவே கணக்குப் போடுற மாதிரி புருவத்தைச் சுருக்கி யோசிச்சார். "உட்கார்ந்திருக்கிறப்ப தோணுச்சு. அப்புறம் நீ வரல. வரலன்னதும்..." மூக்கைச் சட்டைக் கையில துடைச்சார். "உன்னைத் தேடுறப்ப தோணலட்டி. ஒரு கால் மணி நேரம் இருக்கும். தோணவே இல்ல."

கால் மணி நேரம். அஞ்சு மாசத்துல ஒரு கால் மணி நேரம். "நாளைக்கே அந்தக் கவுன்சிலர் பொண்ணுக்கு போன் போட்டு இதை அப்படியே சொல்லணும், நான் பக்கத்துல இருப்பேன்"னேன். தலையை ஆட்டினார், சரின்னு சொல்லல. "இப்ப எங்க தங்குறது? இருந்த ஒரு இடத்தையும் விட்டாச்சு"ன்னார். "தேடுவோம்"னேன். அவர் தோள்ல சாஞ்சுக்கிட்டு, அந்தத் தண்ணிக்கு முன்னாலயே, ஒப்பாரி வைக்கிறவ மாதிரி வாய் விட்டு அழுதேன்.